முப்பத்திரண்டு டிகிரி

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் யாராவது ஒருத்தி வெச்சிடறோம். போன தடவை வெச்சது நான்தான், ஒத்துக்கறேன். அதனாலதான் எழுதறேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது பாரு.

அம்மா எப்படி இருக்கா? உங்க குவார்ட்டர்ஸ் பக்கத்துல இருந்து மார்க்கெட்டுக்கு வர்ற ஒருத்தர் சொன்னார், அம்மாவை இப்போல்லாம் பால்கனியிலகூட பார்க்க முடியலைன்னு. எனக்கு நீ சொல்லணும்னு இல்லை. ஆனா அவர் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

விஷயத்துக்கு வர்றேன். ஆறு இறங்கிட்டே போகுது. எங்க படித்துறையில போன வருஷம் இதே மாசம் மூணு படி இறங்கினா தண்ணி. இப்போ பதினாலு. மலையில இந்த வருஷம் பனி சரியா விழலையாம். அதனால கோடையில உருகி வர்றதுக்கும் ஒண்ணும் இல்லையாம். இருக்கிற கொஞ்சத் தண்ணியும் பிப்ரவரியிலேயே வெதுவெதுன்னு இருக்கு. எங்க பதினாறு மீன் கூண்டும் ஆத்து வளைவுல கொஞ்சம் ஆழமா இருக்கிற இடத்துலதான் கிடக்கு. அந்த ஆழமும் எத்தனை நாளைக்கோ.

உங்க மின் நிலையம் ஆத்துத் தண்ணியை எடுத்து மெஷினைக் குளிர வெச்சு, சூடாத் திருப்பி விடுதுன்னு நீதான் எனக்குச் சின்ன வயசுல படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தே. முன்னாடியெல்லாம் அந்தச் சூடு ஒன்பது கிலோமீட்டர் தாண்டி எங்ககிட்ட வரும்போது ஆறிடும். ஆறு நிறைய இருந்தா ஆறும். இப்போ ஆறவும் ஆறே இல்லை.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ரொம்பச் சூடாகப் போகுதுன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லு. மீன் இன்னும் உள்ளங்கை நீளம்தான். மே முதல் வாரம்தான் பிடிக்கிற பருவம். ஆனா ஒரு நாள் கிடைச்சா சின்னதா இருந்தாலும் பிடிச்சு வித்துடுவோம். ஒரே ஒரு நாள்.

என் வீட்டுக்காரர் உன்கிட்ட கேக்க வேணாம்னார். நான்தான் கேக்கறேன்.

உன் தங்கச்சி


மார்ச் 1

வாலு,

உன் கடிதம் ஒன்பது கிலோமீட்டரை மூன்று நாளில் கடந்து வந்தது. உன் ஊரிலிருந்து பெரிய ஊருக்குப் போய், அங்கே பிரித்து, பிறகு இங்கே வருகிறதாம். பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம். அது உனக்கும் தெரியும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டாய். நவம்பரிலிருந்து ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது மணி நேரம். மூக்கில் குழாய், கட்டிலுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். அம்மா அதற்கு 'மூணாவது மக' என்று பெயர் வைத்திருக்கிறாள். "இவளாவது நகராம பக்கத்துலயே இருக்கா" என்கிறாள். இதைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் பார்க்கிறாள். பகலில் நான் மின் நிலைய ஆய்வகத்தில் இருக்கும்போது அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். நல்லவள். கொஞ்சம் பயந்தவள்.

இரண்டு வருடத்தில் நீ ஒருமுறைகூட வரவில்லை. உன் வீட்டுக்காரரை மீன் வாடையோடு என் படி ஏறக் கூடாது என்று சொன்னேன், உண்மை. உன்னைச் சொல்லவில்லை. அவர் இல்லாமல் வரமாட்டேன் என்றது நீ.

ஆற்றைப் பற்றி. சூடான தண்ணீரை வெளியேற்றும் கால்வாய்க்கு அரை கிலோமீட்டர் கீழே, பாலத்தடியில், காலையும் மதியமும் வெப்பம் பார்க்கிறோம். முப்பத்திரண்டு டிகிரி எல்லை. அதைத் தொட்டால் மின்சாரம் எடுக்கும் இரண்டு யூனிட்டில் ஒன்றைக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். அந்த அளவைப் பார்ப்பது நான். பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நான். ஆகவே உனக்குத் தனியாகத் தகவல் சொல்ல வேண்டிய அவசியமே வராது. நான் இருக்கும்வரை அந்தக் கோட்டைத் தாண்டாது.

மற்றபடி நாளை எப்படிச் சுடும் என்று சொல்ல நான் வானிலை நிலையம் இல்லை.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

நீ சொன்னா சொன்னதுதான்னு எனக்குத் தெரியும். பரீட்சையில பக்கத்துல இருந்தவளுக்கு ஒரு வரி காட்டாதவ நீ. அதனால உன் லெட்டரை அவருக்கும் படிச்சுக் காட்டினேன். "உங்க அக்கா கையெழுத்துப் போட்டா ஆறுகூட அடங்கித்தான் ஆகணும்"னு சிரிச்சார். கிண்டல்தான். ஆனா அன்னைக்கு நல்லாத் தூங்கினார்.

இப்போ சிரிக்கலை. அவர் தெர்மாமீட்டர் நேத்து மத்தியானம் முப்பத்தொண்ணு காட்டுச்சு. மார்ச் மாசம்! கரையோர நாணல் பழுத்துப்போச்சு. பாறைக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்கிற சிப்பியெல்லாம் வாயைப் பிளந்து செத்துக் கிடக்கு. நாரை முப்பது நாப்பது நிக்கும் இங்க. இப்போ ரெண்டு. அதுங்களுக்கு எங்களுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கு போல. தண்ணி பச்சையா, குழம்பு மாதிரி. குழாய்ல வர்ற குடிதண்ணிகூடப் பாசி நாத்தம் அடிக்குது. காய்ச்சினா நாத்தம் இன்னும் அதிகமாகுது.

விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. தண்ணிக்குள்ள காத்து இல்லை. சூடான தண்ணியில காத்து நிக்காது, இதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான். காத்தடிக்க மோட்டார் வெச்சிருக்கோம். ஆனா கரண்ட் எங்க? ஆத்தைச் சுட வெச்சு நீங்க எடுக்கிற கரண்ட் எங்க ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வருது. மீதியெல்லாம் டவுனுக்கு. அங்க எல்லா வீட்லயும் ஏசி ஓடுதாம். ஓடட்டும். அவங்களும் மனுஷங்கதானே. ஆனா என் மோட்டார் நின்னா நான் என்ன பண்றது? அவரும் நானும் துடுப்பை எடுத்துத் தண்ணியை அடிச்சு அடிச்சுக் கலக்கறோம். தினம் ரெண்டு மணி நேரம். என் தோள் போச்சு.

இன்னொண்ணு. கோச்சுக்காம படி. அம்மாவை இங்க கொண்டுவந்து விடேன். ஆத்தங்கரை, காத்தாவது வரும். உனக்கும் வேலை, பாவம். அம்மாவை ஒரு வேலைக்காரப் பொண்ணுகிட்ட விட்டுட்டுப் போறது எனக்கு மனசு கேக்கலை.

ஒரு நாள் முன்னாடி சொல்லுன்னு கேட்டது ஞாபகம் இருக்கட்டும்.

தங்கச்சி


ஏப்ரல் 11

வாலு,

கோபித்துக்கொள்ளாமல் படி என்று எழுதிவிட்டால் கோபம் வராது என்று யார் சொன்னது உனக்கு?

நாலு மணி நேரம் மின்சாரம் வரும் வீட்டுக்கு, இருபது மணி நேரம் மெஷின் வேண்டிய அம்மாவை அனுப்ப வேண்டுமாம். ஆற்றங்கரைக் காற்று! அவளுக்கு வேண்டியது காற்று இல்லை, ஆக்சிஜன். இதை நீ யோசித்து எழுதினாயா, இல்லை என்னைக் குத்துவதற்காக எழுதினாயா?

சென்ற புதன்கிழமை இங்கேயே மின்சாரம் போனது. மின் நிலையத்தின் குவார்ட்டர்ஸில்! டவுனில் தேவை தாங்காமல் எங்கள் லைனையும் வெட்டிவிட்டார்கள். நாற்பது நிமிடம். வீட்டில் ஒரு சிலிண்டர் உண்டு. அது முன்பே முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்திருந்தது, இருபது நிமிடத்தில் காலி. ஆஸ்பத்திரி முழுக்க வெயிலில் விழுந்தவர்கள், சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நிற்கிறது, நமக்கு எங்கே கிடைக்கும். மீதி இருபது நிமிடமும் அம்மாவை உட்கார வைத்து முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். உதடு நீலமாகிவிட்டது. நகமும். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதும் உன்னைத்தான் கூப்பிட்டாள். என் மடியில் சாய்ந்துகொண்டு உன்னை. நான் "இதோ வர்றா அம்மா, வந்துட்டே இருக்கா" என்றேன். நினைவிருக்கட்டும், உனக்காக நான் பொய் சொன்னது.

மின்சாரம் வந்து பெட்டி உறுமத் தொடங்கியபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மெஷினைப் பார்த்து.

ஆறு சரியாக இருக்கிறது. அளவு எல்லைக்குள்தான். பயப்படாதே. தினமும் நானே பார்க்கிறேன். உன் வீட்டுக்காரருடைய தெர்மாமீட்டர் எங்கே வாங்கியதோ, அதை நம்பிக் கலவரப்பட வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 20

எல்லாம் போச்சு.

பதினேழாம் தேதி விடிஞ்சப்போ போயிருந்தது. பதினாறு கூண்டும். நான் முதல்ல பனி விழுந்திருக்குன்னு நினைச்சேன், அப்படி வெள்ளையா இருந்தது ஆறு. கிட்டப் போனா வயிறு. எல்லாம் மல்லாந்து வயித்தைக் காட்டிக்கிட்டு. எங்க மீன் மட்டும் இல்லை, ஆத்து மீனும். இவ்வளவு பெரிய மீனெல்லாம் இந்த ஆத்துல இருந்ததுன்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். செத்தப்புறம்.

அவர் தண்ணிக்குள்ள குதிச்சு கூண்டு வலையைக் கத்தியால கிழிச்சார். உயிரோட இருக்கிறது நாலாச்சும் வெளிய போகட்டும்னு. எங்க போகும்? வெளியவும் அதே தண்ணிதானே. இடுப்பளவு செத்த மீனுக்குள்ள நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார். ஒவ்வொண்ணா, அக்கா. இது இருக்கா, இது இருக்கான்னு. நான் கரையில இருந்து "வெளிய வாங்க"ன்னு கத்தறேன், காதுல விழவே இல்லை. கடைசியில ஒரு மீன் அவர் கையில துடிச்சது. "இங்க பாரு, இங்க பாரு"ன்னு கரைக்குத் தூக்கிட்டு ஓடி வந்தார். பக்கெட்டுல போட்டோம். பத்து நிமிஷம் இருந்தது.

மூணு நாளா அள்ளிக் குழியில போடறோம். நாத்தத்துல பக்கத்து ஊரே ஜன்னலைச் சாத்திடுச்சு. முள்ளு குத்தி அவர் ரெண்டு கையும் வீங்கிப்போச்சு. டாக்டர் வீட்ல இருக்கச் சொல்றார், இவர் கேக்கலை.

மீனைச் சாகடிச்ச தண்ணி முப்பத்திநாலு இருந்தது. பதினாறாம் தேதி சாயங்காலம் நானே பார்த்தேன். எங்க தெர்மாமீட்டர் மட்டம்னு எழுதியிருந்தே. சரி. பள்ளிக்கூடத்து சயின்ஸ் ரூம்ல இருந்து இன்னொண்ணு வாங்கிட்டு வந்து பார்த்தேன். அதுவும் முப்பத்திநாலு.

அக்கா, பதினாறாம் தேதி பதிவேட்டுல நீ என்ன எழுதினே?


ஏப்ரல் 27

வாலு,

பதினாறாம் தேதி பாலத்தடியில் அளந்தது முப்பத்தைந்து புள்ளி இரண்டு. எழுதியது முப்பத்தொன்று புள்ளி எட்டு.

ஏப்ரல் ஒன்பதிலிருந்து எட்டு நாள் அப்படித்தான் எழுதினேன். உனக்கு 'எல்லைக்குள்தான்' என்று எழுதியபோது மூன்றாவது நாள்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படி நினைத்து நீ என்னை மன்னித்துவிட வேண்டாம். மேலாளர் பதிவேட்டைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வெளியே வெயிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பரவாயில்லையே, ஆறு தாங்குதே" என்றார். "தாங்குது சார்" என்றேன். அவரும் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு புள்ளிகூட மாற்றி எழுதாத கை. முதல் நாள் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை.

உள்ளதை எழுதியிருந்தால் அன்றே இரண்டு யூனிட்டும் நின்றிருக்கும். டவுன், ஆஸ்பத்திரி, தண்ணீர் ஏற்றும் பம்ப், எல்லாம் இருண்டிருக்கும். இதையெல்லாம் காரணமாக எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேனாவை எடுக்கும்போது நான் டவுனை நினைக்கவில்லை. அந்த இருபது நிமிடத்தை நினைத்தேன். நீல உதட்டை.

உனக்கு ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம். அதையும் யோசித்தேன், யோசிக்காமல் இல்லை. சொல்லியிருந்தால் நீ மீனைப் பிடிப்பாய். நீ பிடித்தால் கரை முழுக்க எல்லோரும் பிடிப்பார்கள். ஏன் என்று யாராவது கேட்பார்கள். நீயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. அதனால் சொல்லவில்லை. உன் பதினாறு கூண்டை ஒரு பக்கம் வைத்தேன், அம்மாவை ஒரு பக்கம் வைத்தேன். எடை பார்க்கக்கூட நேரம் ஆகவில்லை.

மீன் மறுபடி வளரும். அம்மா மறுபடி வரமாட்டாள்.

நீ பக்கத்தில் இருந்து அவளைப் பார்த்திருந்தால் நீயும் இதையேதான் செய்திருப்பாய். பார்க்கவில்லை. ஆகவே உனக்கு மீன் பெரிதாகத் தெரிகிறது.

உன் வீட்டுக்காரர் கைக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு. வீக்கம் முழங்கைக்கு ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும், அலட்சியமாக இருக்காதே.

படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

கிழிக்கலை.

செத்த மீனைப் பத்தி விசாரிக்க ஒரு அதிகாரி வந்திருந்தார். ஊர்க்காரங்க கத்தினாங்க, அழுதாங்க. அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "பதிவேட்டுல அளவு சரியா இருக்கேம்மா, நாங்க என்ன பண்றது?"ன்னார். வெயில்தான் காரணம்னு எழுதிட்டுக் கிளம்பப் போனார். நான் வீட்டுக்குப் போய் உன் லெட்டரைக் கொண்டுவந்து கையில கொடுத்தேன்.

ரெண்டு தடவை படிச்சார். "இது யாரு உங்களுக்கு?"ன்னார். "கூடப் பொறந்தவ"ன்னேன். அதுக்கப்புறம் என் முகத்தை அவர் பார்க்கலை.

நீ வருத்தப்படறேன்னு ஒரு வரி எழுதியிருந்தா கொடுத்திருக்க மாட்டேன். தேடித் தேடிப் படிச்சேன். மூணு பக்கத்துல ஒரு வரி. இல்லை. எடை பார்க்க நேரம் ஆகலைன்னு எழுதியிருக்கே. என் வீட்டுக்காரர் செத்த மீனுக்குள்ள நின்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தார்னு உனக்கு நான் எழுதினேன். அதைப் படிச்சதுக்கு அப்புறமும் எழுதியிருக்கே.

பத்தாம் தேதி மத்தியானம் ரெண்டு யூனிட்டையும் நிறுத்தறாங்களாம். அதிகாரி சொன்னார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் சொன்னார், பதிவேட்டை மறைச்சிடுவாங்களாம். உனக்குச் சொல்றேன். அதுக்குள்ள அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துடு. எனக்கு நீ தராத ஒரு நாளை நான் உனக்குத் தர்றேன்.

தங்கச்சி


மே 21

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பெரிய ஊரில் அந்த வாரம் முழுக்க மின்வெட்டு, தபால் பிரிக்கவில்லையாம், தபால்காரர் வருத்தத்தோடு சொன்னார்.

அம்மா பத்தாம் தேதி போய்விட்டாள். அடக்கம் மறுநாளே முடிந்துவிட்டது. இந்த வெயிலில் வைத்திருக்க முடியாது. உனக்குச் சொல்லவில்லை. மறந்து அல்ல.

என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு விசாரணை அதிகாரிகள் நான்கு பேர் வந்தார்கள். டர்பைன் நின்றது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டேன், நின்றபோது காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. நான் வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். கதவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆய்வகத்தில் என் நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்து, கைபேசியை மேஜைமேல் வைக்கச் சொன்னார்கள். பிறகு பையிலிருந்து உன் வீட்டிலிருந்து வந்த என் கடிதத்தை எடுத்து வைத்தார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா. வீட்ல அம்மா ஆக்சிஜன் மெஷின்ல இருக்காங்க. நான் போகணும்."

"அஞ்சு நிமிஷம்மா. கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கணும். இதுல இருக்கிற வரியையே எழுதுங்க."

'மீன் மறுபடி வளரும். அம்மா மறுபடி வரமாட்டாள்.' இந்த இரண்டு வரிதான். ஒருவர் வாசித்தார், நான் எழுதினேன். கை நடுங்கியதால் எழுத்து பொருந்தவில்லை என்றார்கள். மறுபடி எழுதச் சொன்னார்கள். பக்கம் நிறைய எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆறு முறை. வீட்டிலிருந்து என்று திரையில் தெரிந்தது. எடுக்க விடவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொய் எழுதியவள் சொல்வதை எதற்காக நம்ப வேண்டும்?

நாலு மணிக்கு விட்டார்கள். ஏழாவது அழைப்பு இல்லை என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டே ஓடினேன்.

நீ நினைத்தால் ஆறாம் தேதியே ஒரு போன் செய்திருக்கலாம்.

ஆறு இருபத்தொன்பது டிகிரிக்கு இறங்கிவிட்டது. பாசி குறைகிறது. உன் ஊருக்கு நல்ல செய்தி.


மே 28

அக்கா,

எப்படி எழுதறதுன்னு தெரியலை. மூணு தாள் கிழிச்சுட்டேன்.

லெட்டர் மூணு நாள்ல வந்துடும்னு நினைச்சேன்னு முதல் தாள்ல எழுதினேன். அது பொய். நான் நினைக்கலை. ஆறாம் தேதி எழுதும்போது போன் பக்கத்துலயேதான் இருந்தது. உன் நம்பரை எடுத்தேன். உனக்கு உடனே தெரியணுமான்னு தோணுச்சு. கொஞ்சம் தவிக்கட்டும், தபாலுக்காகக் காத்துக்கிடக்கட்டும், நான் காத்துக்கிடந்த மாதிரின்னு தோணுச்சு. வெச்சுட்டேன். அம்மாவை நினைக்கலை. சத்தியமா நினைக்கலை. உன்னை மட்டும்தான் நினைச்சேன்.

ஒன்பதாம் தேதி ராத்திரி சாப்பிடும்போது அவர், "உங்க அக்காவுக்குச் சொல்லிட்டியா?"ன்னார். "லெட்டர் போட்டுட்டேன்"னேன். "லெட்டரா?"ன்னார். சாப்பாட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து, எனக்கு போன் பண்ணச் சொன்னார். நான் பண்ணலை. அவர் பண்ணினார், நீ எடுக்கலை. அவர் நம்பரை நீதான் வராம பண்ணி வெச்சிருக்கியே.

மறுநாள் காலையில முதல் பஸ்ஸுல கிளம்பிட்டார். கையில கட்டோட. உங்க குவார்ட்டர்ஸ் கேட்டுல காவலாளி உன் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டானாம். அம்மாவைப் பார்த்துக்கிற பொண்ணு, "அக்கா அவரை விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க"ன்னுடுச்சாம். ஆய்வகத்துக்காவது சொல்லியனுப்புங்கன்னு கெஞ்சியிருக்கார். அங்க வெளியாளுங்க யாரும் போகக் கூடாதுன்னு துரத்திட்டான். பதினோரு மணி வரைக்கும் கேட்டு வெயில்லயே நின்னுட்டுத் திரும்பினார்.

அவர் இப்போ இங்க இல்லை. கூண்டையெல்லாம் பிரிச்சு இரும்புக்குப் போட்டுட்டு, டவுன்ல கட்டட வேலைக்குப் போயிட்டார். போகும்போது என்னைத் திட்டலை. "நீயும் உங்க அக்காவும் ஒரே மாதிரி"ன்னு மட்டும் சொன்னார்.

எங்க அடக்கம் பண்ணியிருக்கேன்னு சொல்லு. அப்புறம் ஒண்ணு. அம்மா கடைசியா என்ன சொன்னா? என்னைக் கேட்டாளா? திட்டியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லு. இதுக்கு மேல உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்.

வாலு


ஜூன் 4

வாலு,

அவர் வந்து நின்றது எனக்குத் தெரியாது. அந்தப் பெண் சொல்லவில்லை. இப்போது கேட்டேன், அழுதாள். நான் சொல்லி வைத்ததைத்தான் அவள் செய்தாள்.

பழைய மயானம், வடக்குச் சுவரோரம், மூன்றாவது வரிசை. இன்னும் கல் வைக்கவில்லை. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாய். ஏப்ரலுக்குப் பிறகு நான் அலைந்து நிரப்பி வைத்திருந்த சிலிண்டரை அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்கே மாட்டிவிட்டாள். இரண்டு மணிக்கு அது தீர்ந்தது. என்னை ஆறு முறை அழைத்தாள். பிறகு இன்னொரு சிலிண்டர் கேட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டப் போனாள். எங்கேயும் இல்லை. மூன்று இருபதுக்குத் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கட்டிலில் இல்லை. ஜன்னலடியில் தரையில் இருந்தாள். குழாய் மூக்கிலேயே இருந்தது. பால்கனி வரைக்கும் போகப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது.

அவள் கடைசியாகச் சொன்னதைக் கேட்க அறையில் யாரும் இல்லை. என்னைக் கூப்பிட்டாளா, உன்னைக் கூப்பிட்டாளா, யாருக்கும் தெரியாது.

உன்னைத்தான் கேட்டாள் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் மேஜைமேல் இருக்கிறது. நீ நம்பியிருப்பாய். கொஞ்சம் தூங்கவும் செய்திருப்பாய். அனுப்ப மனம் வரவில்லை.

வேலை போய்விட்டது. வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று இரண்டு யூனிட்டும் மறுபடி ஓடத் தொடங்கின. எல்லையை முப்பத்தாறாக உயர்த்தி அரசாங்கம் ஆணை போட்டுவிட்டது. இனி யாரும் பொய் எழுத வேண்டியதில்லை.

எங்கே போகிறேன் என்று உனக்கு எழுதமாட்டேன்.

அக்கா